36 அட்டைகளும் புரண்டுபோன ஒரு பிட்டும்: பிள்ளைகளுக்குப் பிழைதிருத்தம் கற்றுத்தந்த அனுபவம்

கணினியில் இருக்கும் தகவல் எல்லாம் பிட் எனப்படும் 0, 1 குறிகள்தான். அதில் ஒரு பிட் மாறிப்போனால், பல நேரம் கணினியே அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. யாரையும் கேட்காமல் திருத்தியும்விடுகிறது. இதைப் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கணினியைத் தொடாமலே காட்டிவிட முடியும். நான் நடத்தும் செய்முறை வகுப்பில் இந்தத் தலைப்பைப் பல விதமாகச் செய்து பார்த்துவிட்டேன். இப்போது கைவந்திருக்கும் முறையை, அட்டை வெட்டுவதிலிருந்து தொடங்கி எழுதிவைக்கிறேன். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தகவலைக் கெடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம்தான் கொடுக்க வேண்டும். காப்பாற்றும் முறையை நாம் விளக்கினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். உடைத்துப் பார்க்கச் சொன்னால், அது எதுவரை தாங்கும் என்பதை அவர்களே அளந்துவிடுவார்கள்.

முதலில் அட்டைகள். ஒரு பக்கம் கருப்பு, மறுபக்கம் வெள்ளை, 7 செ.மீ. சதுரம், மொத்தம் 36. கெட்டி அட்டையின் ஒரு முகத்தில் கருப்புத் தாளும் மறு முகத்தில் வெள்ளைத் தாளும் ஒட்டி, ஓர் இரவு முழுக்கக் கனமான புத்தகங்களின் அடியில் வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு வெட்ட வேண்டும். வெட்டிவிட்டு ஒட்டினால் ஓரம் பிசிறடிக்கும், பசையின் ஈரத்தில் ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக வளையும். வளைந்த அட்டையைப் புரட்டினால் பார்த்தவுடனே காட்டிக்கொடுத்துவிடும், வித்தைக்கு வேலையே இருக்காது. பளபளப்பான தாள் வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் கருப்பும் மின்னும். தரையில் சாக்பீஸால் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டுவிட்டால் வரிசை கலையாமல் இருக்கும். எண்ணுவதுதான் இங்கே எல்லாம் என்பதால், வரிசை கோணினால் விளையாட்டே கோணிவிடும்.

விளையாட்டு பலருக்குத் தெரிந்ததுதான். கணினி இல்லாமல் கணினி அறிவியல் கற்பிக்கும் முறையை உருவாக்கிய டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் ஆகிய மூவரின் வழியாக உலகம் முழுக்கப் பரவியது இது. ஒரு பிள்ளை 25 அட்டைகளைத் தன் விருப்பப்படி ஐந்துக்கு ஐந்தாக அடுக்கும். "இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே நான் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு நிரலும் கீழே ஒரு வரிசையும் சேர்ப்பேன். பிறகு திரும்பி நின்றுகொள்வேன். யாராவது ஒருவர் ஒரே ஓர் அட்டையைப் புரட்டிப் போடுவார். நான் திரும்பி வந்து, ஐந்தாறு விநாடி பார்த்துவிட்டு, அந்த அட்டையைத் தொடுவேன்.

அடுக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

● ○ ○ ● ●   ●
○ ○ ● ○ ○   ●
● ● ○ ○ ●   ●
○ ● ● ● ●   ○
● ○ ○ ● ○   ○

● ○ ○ ● ●   ●

முதல் வரிசையில் ஐந்தில் மூன்று கருப்பு. ஒற்றைப்படை. அதனால் ஓரத்தில் ஒரு கருப்பைச் சேர்த்து நான்காக்கிவிட்டேன். நான்காம் வரிசையில் ஏற்கெனவே நான்கு கருப்பு, எனவே ஓரத்தில் வெள்ளை. மேலிருந்து கீழாக ஒவ்வொரு நிரலுக்கும் இதே கணக்கு. ஆக, எந்த வரிசையை எண்ணினாலும், எந்த நிரலை எண்ணினாலும், கருப்பு இரட்டைப்படையாகவே இருக்கும். நான்காம் வரிசையின் இரண்டாம் அட்டையை ஒருவர் புரட்டினால் அந்த வரிசையில் கருப்பு மூன்றாகிவிடும். இரண்டாம் நிரலில் ஒன்றாகிவிடும். ஒற்றைப்படையான வரிசையும் ஒற்றைப்படையான நிரலும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் புரண்ட அட்டை இருக்கிறது.

இதை உடனே சொல்லிவிடக் கூடாது. பிள்ளைகள் முதலில், நான் முழு அடுக்கையும் மனப்பாடம் செய்துவிட்டேன் என்பார்கள். அப்படியானால் அடுக்கும்போதே என்னைத் திரும்பி நிற்கச் சொல்லுங்கள் என்பேன். ஓர வரிசைகளைச் சேர்க்கும்போது மட்டும் பார்த்துக்கொள்கிறேன், அதுவும் அரை நிமிடம்தான். அடுத்த சந்தேகம், கூட்டத்தில் யாரோ கண்ஜாடை காட்டுகிறார்கள் என்பது. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு ஒருவரை மட்டும் வைத்துச் செய்து காட்டினால் அதுவும் தீரும். பிறகு யாராவது ஒருவர், "நீங்க வெச்ச அந்த ஓரத்து அட்டைங்களை எடுத்துட்டுச் செய்யுங்க அக்கா" என்பார். அந்தக் கேள்வி வரும்வரை காத்திருப்பது நல்லது. ரகசியம் கூடுதலாக வைத்த 11 அட்டைகளில்தான் இருக்கிறது என்பதை அவர்களே கண்டுபிடித்த கணம் அது. தகவல் 25 பிட், காவல் 11 பிட். இந்தக் காவல் பிட்டுக்குக் கணினிக்காரர்கள் பாரிட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூலையில் இருக்கும் அட்டை தனியாகப் பேச வேண்டிய விஷயம். கூர்மையாகக் கவனிக்கும் பிள்ளைகள் இதில் நின்றுவிடுவார்கள்: கீழ் வரிசைக்காக வைக்கும்போது அந்த மூலைக்குக் கருப்பு வேண்டும், வலது நிரலுக்காக வைக்கும்போது வெள்ளை வேண்டும் என்று வந்துவிட்டால் என்ன செய்வது? வராது. கீழ் வரிசையின் ஐந்து காவல் அட்டைகளும் சேர்ந்து, மொத்தம் 25 அட்டைகளிலும் உள்ள கருப்பு ஒற்றையா இரட்டையா என்பதைத்தான் சொல்கின்றன. வலது நிரலின் ஐந்தும் அதே 25 அட்டைகளைப் பற்றித்தான் சொல்கின்றன. ஒரே கூட்டத்தை இரு வழியில் எண்ணினால் விடை ஒன்றுதான். பெரிய பிள்ளைகளாக இருந்தால், 'இரட்டைப்படை'க்குப் பதிலாக 'ஒற்றைப்படை' என்று விதியை மாற்றி, ஐந்துக்கு ஆறு அடுக்கில் செய்து பார்க்கச் சொல்வேன். அங்கே மூலை முரண்டுபிடிக்கும். காரணத்தை அவர்களே தேடட்டும்.

வித்தை புரிந்ததும் எல்லாரும் மந்திரவாதி ஆக ஆசைப்படுவார்கள். இரண்டிரண்டு பேராக ஆடவிட்டு, அந்த உற்சாகம் அடங்கியதும் விதியை மாற்றுவேன்: "இனி எத்தனை அட்டையை வேண்டுமானாலும் புரட்டலாம். என்னை ஏமாற்றுங்கள்." வகுப்பின் மிகச் சிறந்த பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டு அட்டைகளை ஒரே வரிசையில் புரட்டினால், எல்லா வரிசையும் சரியாக இருக்கும், இரண்டு நிரல்கள் மட்டும் ஒற்றைப்படையாகும். தவறு நடந்திருக்கிறது என்று தெரிகிறது, எந்த வரிசையில் என்று தெரியவில்லை. வேறு வேறு வரிசை, வேறு வேறு நிரல் என்று இரண்டைப் புரட்டினால் இரண்டு வரிசை, இரண்டு நிரல் ஒற்றைப்படையாகும். அவை வெட்டும் இடங்கள் நான்கு. எதிரெதிர் மூலைகளாக இரண்டு ஜோடிகள், இரண்டில் எது என்று சொல்ல வழியில்லை. பிள்ளைகள் இதைத் தங்கள் வெற்றி என்பார்கள். பாதி வெற்றிதான் என்று திருத்துவேன். இடம்தான் தெரியவில்லையே தவிர, தகவல் கெட்டுவிட்டது என்பது எனக்குத் தெரிந்துவிட்டதே. கெட்டது என்று தெரிந்தால் 'மறுபடி அனுப்பு' என்று கேட்கலாம். இணையத்தில் ஒரு தகவல் பொட்டலம் கெட்டுப்போய் வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கெட்டதைத் தூக்கி எறிந்துவிட்டு, அது மறுபடி வரும்வரை காத்திருக்கிறார்கள்.

மூன்று அட்டைகளில் விஷயம் தலைகீழாகிறது. மேலே உள்ள அடுக்கில் இரண்டாம் வரிசையில் இரண்டாம், ஐந்தாம் அட்டைகளையும், நான்காம் வரிசையில் இரண்டாம் அட்டையையும் புரட்டுங்கள். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகள். இரண்டாம் வரிசையில் இரண்டு மாற்றம், அதனால் அது இரட்டைப்படையாகவே நிற்கும். இரண்டாம் நிரலும் அப்படியே. நான்காம் வரிசையும் ஐந்தாம் நிரலும் மட்டும் ஒற்றைப்படை. நான் வந்து பார்த்தால், ஒரே ஓர் அட்டை புரண்டது போலவே இருக்கும். நான்காம் வரிசையின் ஐந்தாம் அட்டை என்று அடித்துச் சொல்லி, ஒரு பாவமும் அறியாத அந்த அட்டையைத் திருப்பி வைப்பேன். வைத்ததும் எல்லா வரிசையும் நிரலும் ஒழுங்காகிவிடும். கணக்கு 'சரி' என்கிறது, ஆனால் கையில் நான்கு அட்டைகள் தப்பு.

ஒரு சிறுமி இதை முதன்முதலில் கண்டுபிடித்தபோது சிரிக்கவில்லை. குனிந்து அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ அது சரின்னு சொன்னா, நிஜமாவே சரின்னு அர்த்தம் இல்லையா?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது முக்கியம் என்று நினைக்கிறேன். சரிபார்ப்பு எதுவானாலும் அது ஓர் உறுதிமொழி, அந்த உறுதிமொழிக்கு ஓர் எல்லை உண்டு. நம் அடுக்கின் உறுதிமொழி இது: ஒன்று புரண்டால் திருத்துவேன், இரண்டு புரண்டால் எச்சரிப்பேன், அதற்கு மேல் பொறுப்பில்லை. திருத்தவே மாட்டேன், எச்சரிக்கை மட்டும் செய்வேன் என்று முடிவெடுத்துக்கொண்டால் மூன்று வரைக்கும் உறுதி தர முடியும். செவ்வகத்தின் நான்கு மூலைகளையும் புரட்டிவிட்டால் ஒன்றுமே தெரியாது. அடுத்த சில நிமிடங்கள் தரை முழுக்கச் செவ்வகங்கள்தான்.

எல்லாரும் களைத்து உட்கார்ந்ததும், இதெல்லாம் எதற்கு என்று எழுத்துக்கு வருவேன். கணினியில் தமிழ் எழுத்துகளும் எண்களாகத்தான் இருக்கும். யூனிகோட் என்ற எழுத்து-எண் அட்டவணையில் 'ல'வும் 'ள'வும் அடுத்தடுத்த எண்கள். அவற்றின் கடைசி எட்டு பிட்டுகளை எடுத்தால் 'ல' 10110010, 'ள' 10110011. கடைசி பிட் ஒன்றுதான் வேறுபாடு. எட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கருப்புப் பக்கம் 1, வெள்ளைப் பக்கம் 0 என்று அட்டைகளைப் பிடிக்கச் சொல்வேன். பலகையில் 'நாய் வாலை ஆட்டியது' என்று எழுதியிருப்பேன். கடைசிப் பிள்ளை தன் அட்டையைப் புரட்டினால் நாய் வாளை ஆட்டும். ஆர்ப்பரித்துச் சிரிப்பார்கள். 'ர'வுக்கும் 'ற'வுக்கும் இதே உறவுதான்; மரம் மறமாகிவிடும். பிறகு ஒன்பதாவதாக ஒரு பிள்ளையைப் பாரிட்டியாக நிறுத்துவேன். 'ல'வில் நான்கு 1 இருப்பதால் அவர் வெள்ளை காட்ட வேண்டும். 'ள' என்று மாறியதும் 1 ஐந்தாகிவிடும், அவர் கையைத் தூக்கிக் கத்துவார். எந்த பிட் என்று அவரால் சொல்ல முடியாது. ஒரு வரிசை மட்டும் இருக்கிறது, நிரல் இல்லையே என்று இதற்குள் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

பிட் எப்படித் தானாகப் புரளும் என்ற கேள்வி தவறாமல் வரும். கம்பியில் மின் இரைச்சல், தேய்ந்த சேமிப்பகம், விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள் நினைவகத்தைத் தாக்குவது என்று காரணங்களைச் சொல்லிவிட்டு, ஒரு புதிரைப் போடுவேன். 2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் மின்னணு முறையில் நடந்த வாக்குப்பதிவில், ஒரு வேட்பாளருக்குக் கிடைத்திருக்கவே முடியாத அளவுக்கு வாக்குகள் காட்டப்பட்டன. மறுபடி எண்ணியபோது கூடுதலாக வந்திருந்தவை சரியாக 4096 வாக்குகள். ஏன் 4096? பிள்ளைகள் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போவார்கள். பதின்மூன்றாவது எண்ணில் வந்து நிற்கும். பதின்மூன்றாவது பிட் ஒன்று 0விலிருந்து 1ஆகப் புரண்டால் கூடுவது அவ்வளவுதான். மென்பொருளில் குறை எதுவும் அகப்படாததால், நினைவகத்தில் ஒரு பிட் தானாகப் புரண்டதே காரணமாக இருக்கும் என்று விசாரித்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். விண்கதிராக இருக்கலாம் என்பது ஊகம், நிரூபணமில்லை. அதையும் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வகுப்பு வட்டங்களுக்கு. 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணிதவியலாளர், வார இறுதியில் ஆள் இல்லாமல் ஓடும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சு) கணினியில் தன் கணக்குகளைப் போட்டுவிட்டுப் போவார். இயந்திரம் ஒரு பிழையைக் கண்டால் அந்தக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்தவருடைய கணக்குக்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் முடிந்திருக்காது. பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கிற இயந்திரம் அது எங்கே இருக்கிறது என்பதையும் கண்டுபிடித்துத் திருத்தக் கூடாதா என்ற எரிச்சலில் அவர் தொடங்கிய வேலை 1950இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

அவருடைய முறையைத் தரையில் வரையலாம். சிவப்பு, பச்சை, நீலச் சாக்பீஸால் மூன்று பெரிய வட்டங்களை ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி போடுங்கள். உள்ளே ஏழு பகுதிகள் கிடைக்கும்: நடுவில் மூன்றுக்கும் பொதுவானது ஒன்று, இரண்டிரண்டுக்குப் பொதுவானவை மூன்று, தனித்தனியே மூன்று. பொதுவான நான்கு பகுதிகளில் பிள்ளைகள் விரும்பியபடி அட்டை வைக்கட்டும். அவை தகவல். தனியாக இருக்கும் மூன்றிலும், அந்தந்த வட்டத்தில் கருப்பு இரட்டைப்படையாகும்படி காவல் அட்டை வைக்க வேண்டும். இப்போது ஒன்றைப் புரட்டினால் எந்தெந்த வட்டம் கெட்டது என்று மட்டும் பாருங்கள். சிவப்பும் பச்சையும் கெட்டு, நீலம் நன்றாக இருந்தால் சிவப்புக்கும் பச்சைக்கும் பொதுவான அட்டை. மூன்றும் கெட்டால் நடு அட்டை. நீலம் மட்டும் என்றால் நீலத்தின் காவல் அட்டையே புரண்டிருக்கிறது.

சாக்பீஸ் வட்டங்கள் குறைந்தது ஒன்றரை மீட்டர் அகலமாக இருக்கட்டும். பிள்ளைகள் உள்ளே நின்றே எண்ணுவார்கள், நடுப்பகுதி சிறியதாகிவிட்டால் அங்கே அட்டை வைக்க இடமே இருக்காது.

இதில் நான் ஆறுதலாக நேரம் எடுத்துக்கொள்ளும் இடம், 'மூன்று காவல் ஏன் போதுமானதாக இருக்கிறது' என்பது. மூன்று வட்டங்கள் ஒவ்வொன்றும் 'கெட்டது', 'கெடவில்லை' என்று இரண்டில் ஒரு பதிலைச் சொல்லலாம். மொத்தம் எட்டு விதமான பதில்கள். அவற்றில் ஒன்று 'எல்லாம் நலம்'. மீதி ஏழும் ஏழு இடங்களைச் சுட்டிக்காட்டுகின்றன. வீணாக ஒன்றும் இல்லை, போதாமல் ஒன்றும் இல்லை. அப்படியானால் நான்கு காவல் இருந்தால்? 15 இடங்கள். நான்கு காவலுக்குப் போக 11 இடம் தகவலுக்கு. ஐந்து இருந்தால்? 31. பிள்ளைகள் இதை நீட்டிக்கொண்டே போக விரும்புவார்கள், தடுக்க வேண்டாம். ஒவ்வொரு அட்டையையும் மூன்று முறை எழுதிவைத்தாலும் ஒரு பிழையைத் திருத்தலாமே என்று ஒருவர் கேட்பார். திருத்தலாம்தான். நான்கு அட்டைக்கு அங்கே கூடுதலாக எட்டு வேண்டும், இங்கே மூன்று. ஹாமிங்கின் அழகு அந்தச் சிக்கனத்தில் இருக்கிறது.

உடைக்கும் படலம் இங்கும் உண்டு. நடு அட்டையையும், சிவப்பு-பச்சைப் பொது அட்டையையும் சேர்த்துப் புரட்டினால் சிவப்பிலும் பச்சையிலும் இரண்டிரண்டு மாற்றம் நேர்ந்து சமனாகிவிடும். நீலம் மட்டும் கெட்டதாகக் காட்டும். நீலக் காவல் அட்டையைத் திருத்துவோம், தவறு மூன்றாகிவிடும். இதற்கு மருந்து, வட்டங்களுக்கு வெளியே எட்டாவதாக ஓர் அட்டை. எட்டும் சேர்ந்து கருப்பு இரட்டைப்படையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. ஒன்று புரண்டால் மொத்தம் ஒற்றைப்படையாகும், தைரியமாகத் திருத்தலாம். வட்டங்கள் புகார் சொல்லும்போதே மொத்தம் இரட்டைப்படையாக இருந்தால் இரண்டு புரண்டிருக்கிறது. கை வைக்காமல் எச்சரிக்க வேண்டும். சர்வர் கணினிகளில் இருக்கும் பிழைதிருத்தும் நினைவகம் இந்த எட்டாம் அட்டை வரை உள்ள கணக்கைத்தான் பெரிய அளவில் செய்கிறது. 64 தகவல் பிட்டுக்கு 8 காவல் பிட். ஏன் எட்டு என்று கேட்டால் பிள்ளைகளாலேயே சொல்ல முடியும்: ஆறு காவலால் 63 இடம்தான் சுட்ட முடியும், போதாது, ஏழு வேண்டும், மொத்தத்துக்காக இன்னொன்று.

எண்களில் பிரியமுள்ள பிள்ளைகளுக்குப் புத்தகத்தின் பின்னட்டை ஒரு நல்ல களம். அங்கே இருக்கும் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணை (புத்தகத்தின் அடையாள எண்) எடுத்து, முதல் இலக்கத்தை 1ஆல், அடுத்ததை 3ஆல், மறுபடி 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் பத்தின் மடங்கு வர வேண்டும். 9780306406157 என்ற எண்ணில் கூட்டினால் சரியாக 100. ஓர் இலக்கத்தை மாற்றினால் கட்டாயம் மாட்டிக்கொள்ளும். ஆனால் மனிதர்கள் எழுதும்போது அடிக்கடி செய்வது, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதுவது. இதே எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களில் முதலில் வரும் 6, 1 இரண்டையும் இடம் மாற்றி, 9780306401657 என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். 90 வரும். அதுவும் பத்தின் மடங்கு! இரண்டு இலக்கங்களுக்கும் வித்தியாசம் 5ஆக இருந்தால் இந்தச் சரிபார்ப்பின் கண்ணில் படாது. 2007க்கு முன்பு இருந்த 10 இலக்க எண் 10, 9, 8 என்று இறங்கும் பெருக்கல்களோடு 11ஆல் வகுபட வேண்டிய கணக்கு. இப்படிப்பட்ட இடமாற்றம் எல்லாவற்றையும் அது பிடித்துவிடும். பழைய புத்தகங்களில் சில எண்கள் எக்ஸ் என்ற எழுத்தில் முடிவதும் அதனால்தான். 11ஆல் வகுக்கும்போது கடைசி இலக்கம் 10 ஆகவும் நேரலாம், அதை எழுத ஒரே எழுத்து வேண்டுமே. பொருள்களின் பட்டைக்குறியீட்டோடு இணைவதற்காக 13 இலக்கத்துக்கு மாறியபோது இந்தப் பலத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள்.

க்யூஆர் குறியீடு பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கம். ஒரே வாக்கியத்தைக் குறைந்த பாதுகாப்பு நிலையிலும் உயர்ந்த பாதுகாப்பு நிலையிலும் உருவாக்கிப் பெரிதாக அச்சிட்டுக்கொள்வேன். 1994இல் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கிய இந்தக் குறியீட்டில் நான்கு நிலைகள் உண்டு. ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதச் சேதம் வரை தாங்கும். மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களைத் தொடக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. அவை போனால் குறியீடு எங்கே இருக்கிறது என்றே கேமராவுக்குப் பிடிபடாது. மற்றபடி ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் கட்டமாகக் கெடுத்துக்கொண்டே போகலாம், ஒவ்வொரு முறையும் போனைக் காட்டிப் பார்க்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் திட்டாக இருபது கட்டங்களைக் கெடுத்த குறியீடு தாங்கும்போது, அதே இருபதை இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெளித்த குறியீடு முதலில் இறந்துபோகும். க்யூஆர் எட்டு எட்டுக் கட்டங்களை ஒரு குறிச்சொல்லாகக் கட்டிவைத்து, எத்தனை குறிச்சொல் கெட்டது என்றுதான் எண்ணுகிறது. ஒரு குறிச்சொல்லில் ஒரு கட்டம் கெட்டாலும் எட்டும் கெட்டாலும் கணக்கு ஒன்றே. திட்டு சில குறிச்சொற்களோடு முடிந்துவிடும், தெளித்தது இருபது குறிச்சொற்கள் வரை தொட்டுவிடும். கீறல், கறை எல்லாம் பொதுவாகத் திட்டாகத்தான் வரும் என்பதால் அந்த வடிவமைப்பு பொருத்தமாக அமைந்துவிட்டது.

க்யூஆருக்குள் இருக்கும் முறையை இர்விங் ரீடும் குஸ்தாவ் சாலமனும் 1960இல் வெளியிட்டார்கள். முழுக் கணிதம் பிள்ளைகளுக்கு வேண்டாம், ஆனால் கருவை ஓர் அளவுகோலால் காட்டிவிடலாம். கிராஃப் தாளில் முதல் கோட்டின் மேல் உயரம் 3, இரண்டாவதன் மேல் 5 என்று இரண்டு புள்ளிகள். அனுப்ப வேண்டிய தகவல் இந்த இரண்டு எண்கள்தான். இரண்டையும் அளவுகோலால் இணைத்து நீட்டினால் மூன்றில் 7, நான்கில் 9 வரும். நான்கு எண்களையும் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். நடுவில் ஒருவர் ஏதேனும் ஒன்றை ரகசியமாக மாற்றிவிடுவார். 3, 5, 4, 9 என்று வந்து சேர்ந்தால், புள்ளி வைத்து அளவுகோலைச் சுழற்றிப் பார்க்கும்போது மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் விழும், ஒன்று மட்டும் விலகி நிற்கும். விலகியதை எங்கே நகர்த்த வேண்டும் என்பதையும் அதே கோடு சொல்லிவிடுகிறது. அட்டையில் 'புரட்டு' என்ற ஒரே திருத்தம்தான் உண்டு. இங்கே சரியான எண்ணே திரும்பக் கிடைக்கிறது.

வாயேஜர் 2 விண்கலம் 1986இல் யுரேனஸையும் 1989இல் நெப்டியூனையும் கடந்தபோது அனுப்பிய படங்கள் ரீட்-சாலமன் முறையின் காவலில்தான் வந்தன. யுரேனஸிலிருந்து செய்தி வந்துசேர இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். 'மறுபடி அனுப்பு' என்று கேட்டால் அந்தக் கேள்வி போய்ச் சேர இன்னும் அவ்வளவு நேரம், அதற்குள் கலம் கிரகத்தைத் தாண்டிப் பறந்துவிடும். அங்கே திருத்தம் ஒன்றே வழி. எச்சரிக்கை மட்டும் போதுமா, திருத்தவும் வேண்டுமா என்று அட்டை விளையாட்டில் பேசியதைப் பிள்ளைகள் இந்த இடத்தில் தாமாகவே நினைவுபடுத்துவார்கள்.

நான்கு புள்ளிகளில் இரண்டைக் கெடுத்தால் கோட்டு விளையாட்டும் தோற்கும். எத்தனை புள்ளி வைத்தால் இரண்டு பிழையைத் தாங்கும் என்று கேட்டு விட்டுவிடுங்கள். ஐந்து வைத்து முயல்வார்கள். மூன்று நல்ல புள்ளிகள் ஒரு கோட்டில் இருக்கும்போது, கெட்ட இரண்டும் ஒரு நல்ல புள்ளியோடு கூட்டுச் சேர்ந்து இன்னொரு கோடு போட்டுவிடும், மூன்றுக்கு மூன்று. ஆறு வைத்தால் நல்லவை நான்கு. கெட்டவை இரண்டும் எவ்வளவு முயன்றாலும் மூன்றைத் தாண்ட முடியாது. ஆறு புள்ளி, இரண்டு பிழை. பிறகு கெடுப்பதற்குப் பதிலாக அழிக்கச் சொல்வேன். எண்ணை மாற்ற வேண்டாம், அந்த இடத்தில் காலி என்று எழுதிவிடுங்கள். இப்போது ஆறில் நான்கை அழித்தாலும் மீதி இரண்டு புள்ளிகளை வைத்துக் கோட்டை வரைந்துவிடலாம். தவறு எந்த இடத்தில் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் தாங்கும் அளவு இரட்டிப்பாகிவிட்டது. அளவுகோலோடு இதைக் கண்டுபிடித்த பிள்ளைகள் நேராகப் பழைய அட்டைகளிடம் ஓடி, புரட்டாமல் எடுத்துவிட்டால் ஆறுக்கு ஆறு அடுக்கில் எத்தனை அட்டை வரை மீட்கலாம் என்று தேடத் தொடங்குவார்கள். எந்த மூன்றை எடுத்தாலும் மீட்டுவிடலாம். நான்கு போனால் அது செவ்வகமா இல்லையா என்பதைப் பொறுத்தது.